கூமாப்பட்டி வானத்தில் ஒத்துழையாதவர்

ஆடி மாசம் செத்துப்போன மனுசனைத் தேடிக்கொண்டு ஐப்பசி மாசம் கூமாப்பட்டிக்கு ஜீப் வந்தது. தேடப்பட்டவர் பெயர் உக்கிரபாண்டி. வயல்களுக்கு ட்ரோன் விட்டு மருந்தடிப்பது தொழில். வாசலுக்கு வந்து நின்றவள் அவர் பெண்டாட்டி மாரிச்செல்வி.

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். பெயர் ஷெரின், இன்ஜினீயர்.

"உக்கிரபாண்டி இருக்காராக்கா?"

"இல்லையே."

"எப்ப வருவாரு?"

மாரிச்செல்வி உள்ளே சுவரைக் காட்டினாள். அங்கே படத்துக்குள் உக்கிரபாண்டி மாலையும் பொட்டுமாக இருந்தார். ஷெரினுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அரசாங்கம் அனுப்பிய பெண் அல்லவா, வந்த சேதியைச் சொல்லாமல் திரும்ப முடியாது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தினமும் சாயங்காலம் உங்க வயலுக்கு மேல ஏதோ ஒண்ணு பறக்குது. இந்த ஊர்ல அந்த இடத்துல பறக்க இவரு பேர்லதான் பதிவு இருக்கு. கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்காரு."

"உசிரோட இருக்கையிலயே கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டாவளே" என்றாள் மாரிச்செல்வி. வாய் தவறி வந்த வார்த்தைதான். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வத்திராயிருப்பு ரோட்டில் லாரி மோதிப் போன உயிர். பைக்குக்குப் பின்னால் கட்டியிருந்த ட்ரோனும் அவரோடு நொறுங்கியது. அதன் துண்டு துக்காணிகளை உரச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். மாரிச்செல்வி எழுந்து சாக்கை இறக்கிக் காட்டினாள். ஷெரின் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "எதுக்கும் ஒரு தடவை ஆபீஸுக்கு வந்துருங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபீஸ் ராஜபாளையத்தில் இருந்தது. மூடிப்போன பேண்டேஜ் துணித் தறிக்கூடம் ஒன்றின் மாடியில் இரண்டு அறை. வாசலில், 'ஒத்துழையா வான்பொருள் மாற்றுக் கண்காணிப்பு முன்னோடித் திட்ட அலுவலகம்' என்று ஒரு போர்டு. கட்டிடத்தின் அகலம் போதாமல் 'லகம்' மட்டும் பக்கத்து டயர் கடைச் சுவரில் இருந்தது. டயர் கடைக்காரர் அந்த மூன்று எழுத்துக்கும் மாச வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஆபீஸ் எதற்கு என்று கேட்டால், நியாயமான காரியத்துக்குத்தான். விமானத்துக்குள்ளே ஒரு பெட்டி உண்டு. கீழேயிருந்து மிஷின் கேட்டால் அது தன் பேரையும் உயரத்தையும் சொல்லிவிடும். பெட்டி கெட்டுப்போனாலோ, வேண்டுமென்றே அணைத்துவிட்டாலோ, பெட்டியே இல்லாத பொருளாக இருந்தாலோ பதில் வராது. பதில் சொல்லாததைக் கண்டுபிடிக்கப் பழைய பெரிய ரேடார் வேண்டும், அதற்கு ஏகப்பட்ட செலவு. மாற்று வழி ஒன்று உண்டு. ஊருக்கு எப்படியும் எஃப்.எம். ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாட்டு வானத்தில் போகிற பொருளில் பட்டுத் திரும்பும் அல்லவா, அதை மொட்டைமாடியில் ஏரியல் வைத்துக் கேட்டால் போதும். எதையும் அனுப்ப வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் சரி. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வேலை என்றதும் அரசாங்கம் உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டது.

திட்ட இயக்குநர் தாமோதர், மாரிச்செல்வியை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் எழுந்து நின்றார். ஒருவர் எதிரில் இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான்.

"ஒத்துழைக்கிற விமானத்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம் அம்மா. ஒத்துழையாததைக் கண்டுபிடிக்கத்தான் எங்களைப் போட்டிருக்கிறார்கள். வருசம் மூன்றாகிறது. இதுவரை அகப்பட்டது உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் ஒத்துழைக்க மறுக்கிறார். மேலிடத்தில் நான் என்ன முகத்தோடு நிற்பேன்?"

மாரிச்செல்வி இறப்புச் சான்றிதழை நீட்டினாள். தாமோதர் அதை மரியாதையாக வாங்கிப் படித்தார்.

"இது தரைக்குச் செல்லும். இதில் எங்கேயாவது வானம் என்று போட்டிருக்கிறதா?"

"போடலை சார்."

"அதைத்தான் சொல்கிறேன். சரி, கடைசியாக அவர் தரையில் எப்போது காணப்பட்டார்?"

சுடுகாட்டைச் சொல்வதா, ரோட்டைச் சொல்வதா? அவள் திகைத்து நிற்கையில் ஷெரின் வந்து அவள் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

கறுப்புத் திரை. மேற்கே மலை ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் பச்சையாக ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. மாரிச்செல்வி சாதாரணமாகத்தான் பார்த்தாள். ஊரில் மருந்தடிக்கிறவன் எல்லாம் ரோட்டுப் பக்கமிருந்து ஆரம்பிப்பான். புள்ளி, உக்கிரபாண்டி மாதிரியே மலைப் பக்கமிருந்து ஆரம்பித்தது. வயலை முடித்துவிட்டு வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போய் ரெண்டு நடை நடந்தது. அது பெத்தம்மாளின் ஒரு குறுக்க நிலம். ஆளில்லாத பொம்பளை என்று உக்கிரபாண்டி அதற்குக் காசு வாங்காமல் அடித்துக் கொடுப்பார். அதற்காக வீட்டில் எத்தனை சண்டை!

மாரிச்செல்விக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பயமா சந்தோசமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அவியதான்" என்றாள்.

ஷெரின் அவள் பக்கத்தில் குனிந்து, "அக்கா, ரேடியோ அலை மலையில பட்டு, மில் சுவத்துல பட்டு, ஒண்ணோட ஒண்ணு குழம்பி வந்தா இல்லாத பொருளும் திரையில தெரியும். இது இல்லாததாக்கூட இருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாம்னுதானம்மா சொல்லுத. அப்பம் உனக்கும் உறுதி இல்லை."

ஷெரின் மறுபடியும் திரைப் பக்கம் திரும்பினாள்.

விசாரணையைத் தாமோதர் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திவைத்தார். அந்தச் செவ்வாய் கோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தது. அதற்கடுத்த செவ்வாய் கோப்பு வந்துவிட்டது, கூடப் போன ஆள் வரவில்லை. எந்த ஆபீஸிலும் வாய்தா வாங்குகிறவர்கள் வயிறெரிந்துதான் படியிறங்குவார்கள். வாய்தா கிடைத்ததற்கு மனசு குளிர்ந்து கும்பிட்டுப் போன ஒரே ஆள் மாரிச்செல்விதான். அவள் மதியமே பஸ் ஏறி வந்து, சாயங்காலம் புள்ளி வரும் வரைக்கும் பெஞ்சில் காத்திருந்து, அது கிணற்றுப் பக்கம் போய் அணைந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள்.

இடையில் ஒரு பெரிய தலைவர் காலமானார். ரேடியோவில் துக்கம் என்று நாளெல்லாம் ஒற்றை வீணை. வீணை அழுதுகொண்டே இருக்க, திரையில் வானம் மங்கிக்கொண்டே வந்தது. மதுரைக்குப் போகிற விமானமே மசமசவென்று தெரிந்தது. உக்கிரபாண்டி சுத்தமாக இல்லை.

மாரிச்செல்வி பதறிப்போனாள். "எங்கம்மா அவிய?"

"பாட்டுல சத்தம் நிறைஞ்சு இருந்தாத்தான் நமக்கு நல்லாத் தெரியும்கா. மேளம், தாரை தப்பட்டைன்னா வானம் பளிச்சுன்னு இருக்கும். மெதுவா வாசிச்சாலோ, விட்டு விட்டுப் பேசினாலோ மங்கிரும்."

தாமோதர் இதை லேசில் விடவில்லை. ரேடியோ நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டார். 'தேசப் பாதுகாப்பை முன்னிட்டு, இனிவரும் துக்க தினங்களில் குத்துப்பாட்டு ஒலிபரப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. துக்கத்தின் கண்ணியத்துக்குப் பங்கம் வராமல் வேகத்தை மட்டும் கூட்டலாம்.' அதற்கு ரேடியோவிலிருந்து பதிலே வரவில்லை. அவர்களையும் ஒத்துழையாதவர்கள் பட்டியலில் சேர்த்தார்.

மாரிச்செல்வி கடிதம் போடவில்லை. துக்கம் முடிந்த மறுநாளே சாயங்கால நேயர் விருப்பத்துக்குப் போன் போட்டாள். நிகழ்ச்சி நடத்துகிற சத்யப்பிரியா குழைந்து குழைந்து கேட்டாள்.

"ஹலோ, யார் பேசுறீங்க?"

"கூமாப்பட்டியில இருந்து மாரிச்செல்வி."

"என்ன பாட்டு வேணும் அக்கா?"

"நல்லா அடிச்சு ஆடுத பாட்டா ஒண்ணு போடும்மா. மேளம் நிறைய இருக்கணும்."

"யாருக்காகக் கேக்குறீங்க?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு."

"அவங்க இப்பப் பக்கத்துல இருக்காங்களா?"

மாரிச்செல்வி கொஞ்சம் யோசித்தாள். "வார நேரந்தான்" என்றாள்.

அன்றைக்கு உக்கிரபாண்டி திரையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி வந்தார் என்று ஷெரின் போனில் சொன்னாள். பிறகென்ன, தினமும் அதே வேலையாயிற்று. புருசன் செத்து வருசம் திரும்பவில்லை, ஒரு பொம்பளை நித்தம் குத்துப்பாட்டுக் கேட்கிறாள், அதையும் ஊர்ப் பேர் சொல்லி ரேடியோவில் கேட்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பெத்தம்மாளே ஏசினாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஊரே காறித் துப்புது."

"துப்பட்டும் மதினி. ஒங்க வயலுக்கு இன்னமும் அவிய மருந்தடிக்காவ, தெரியுமா?"

பெத்தம்மாள் வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்து நின்றாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவள் வயல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஆனால் அவளும் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் டெல்லிக் குழு வருகிறது என்று சேதி வந்தது. வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் திட்டம் நாடு முழுக்கப் போகும், தாமோதர் டெல்லிக்குப் போவார். திரையில் பதில் சொல்லாத புள்ளி ஒன்று இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? தாமோதர் யோசித்து ஓர் ஆணை போட்டார். ஒத்துழையா வான்பொருள் பற்றிய விசாரணை முடியும் வரை கூமாப்பட்டிப் பகுதியில் ட்ரோன் எதுவும் பறக்கக் கூடாது.

அது நெல்லில் ஆனைக்கொம்பன் பூச்சி விழுந்த நேரம். குருத்துக் குருத்தாக வெங்காயத் தாள் போல நீட்டிக்கொண்டு நின்றது பயிர். கையால் மருந்தடிக்க ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் இருளப்பசாமியை முன்னால் விட்டு மாரிச்செல்வி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் உக்கிரபாண்டிக்குப் பெரியப்பா மகன். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அம்மா, அங்க ஒண்ணும் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஆணையை எடுத்துருவாகளாம். நீ அவந்தான்னு சொல்லுத மட்டுக்கும் எடுக்க மாட்டாகளாம். எம்புட்டுப் பேரு பயிரு. நீயே சொல்லு."

"கையெழுத்துப் போட்டா அவியளை அழிச்சுருவாக மாமா."

இருளப்பசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவன் எங்கம்மா இருக்கான்?" என்றார். "இருந்தா, ஊரு பயிரு சாகட்டும்னு சொல்லுவானா?"

சொல்ல மாட்டார்தான். அதுதான் அவளுக்கு வினையாயிற்று. ராஜபாளையத்துக்குப் போய், 'மேற்படி வானத்தில் என் கணவர் இல்லை' என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கப் போட்ட கையெழுத்துக்கூட இப்படிக் கனக்கவில்லை. அன்றைக்கு லாரிக்காரன் கொன்றான், இன்றைக்கு நானே கொன்றேன் என்று நினைத்து நினைத்து பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார்.

தாமோதர் ஆணையை எடுத்ததோடு நிற்கவில்லை. இனி இப்படியொரு தலைவலி வரவே கூடாது என்று மிஷினில் ஒரு வடிகட்டி போடச் சொன்னார். பதில் சொல்லும் பொருளை மட்டும் திரை காட்ட வேண்டும், பதில் சொல்லாததைக் காட்டக் கூடாது.

"சார், பதில் சொல்லாததைப் பாக்கத்தானே சார் இந்த மிஷின்?" என்றாள் ஷெரின்.

"பார்த்தாயிற்றே அம்மா. பார்த்ததில் என்ன கண்டோம்? மனக்கஷ்டம்தான்."

டெல்லிக் குழுவுக்கான விழா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கொரு பால்கோவா டப்பா. மேடையில் பெரிய திரை. விழாவை ரேடியோ நேரடியாக ஒலிபரப்பியது. மண்டபத்தில் பேசுகிற பேச்சே ரேடியோ வழியாகப் போய் வானத்தில் பட்டுத் திரும்பித் திரைக்கு வரும் என்பது தாமோதரின் ஏற்பாடு. மாரிச்செல்விக்கு 'ஒத்துழைத்த பொதுமக்கள்' என்று முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

தாமோதர் மைக்கைப் பிடித்தார்.

"ஒத்துழையாமையே இல்லாத வானம்! உலகத்தில் எந்த நாட்டுக்கும் இது வாய்க்கவில்லை. மூன்று வருடத்தில் இந்த வட்டாரத்தில் பதில் சொல்லாத ஒரு பொருளைக்கூட விட்டுவைக்கவில்லை. திரையைப் பாருங்கள். இருப்பவை எல்லாம் பதில் சொல்கின்றன. பதில் சொல்லாதவை இல்லை."

திரையில் மூன்று விமானங்கள் பெயரும் உயரமும் ஒட்டிக்கொண்டு சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தன. கூமாப்பட்டி இருட்டாகக் கிடந்தது. மாரிச்செல்வி அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்லிக் குழுத் தலைவர் நாராயண் கோப்பைப் புரட்டிவிட்டுத் தலை நிமிர்ந்தார். "ஒரு பொருளை நீக்கியிருக்கிறீர்கள். நீக்கும் முன்பு முறையாகக் கூப்பிட்டீர்களா? கோர்ட்டில்கூட மூன்று தரம் கூப்பிட்டு, வரவில்லை என்றால்தானே தீர்ப்பு?"

தாமோதர் அசரவில்லை. கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலியாக இருந்து ஓய்வு பெற்ற சேஷு மண்டபத்தில் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பழைய குரல் அப்படியே இருந்தது.

"கூமாப்பட்டி உக்கிரபாண்டீ!"

ரேடியோ அதை மலை வரைக்கும் கொண்டுபோயிற்று. திரை அசையவில்லை.

"உக்கிரபாண்டீ!"

ஒன்றும் இல்லை. சேஷு மூன்றாவது தரம் வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சார்" என்று மைக்கைக் கீழே வைத்தார்.

தாமோதர் அதை எடுத்து மாரிச்செல்வியிடம் நீட்டினார். "சம்சாரமே கூப்பிட்டு வரவில்லை என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? கூப்பிடுங்கள் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்."

அவள் ஒருநாளும் பேர் சொன்னதில்லை. அவருக்குக் கேட்கிற மாதிரியும் சொன்னதில்லை, கேட்காத மாதிரியும் சொன்னதில்லை. மைக்கை வாங்கிக்கொண்டாள். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது? வராமல் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோபமாக இருந்தால்?

"ஏங்க" என்றாள் மெதுவாக. "நாந்தான். ஊருக்காகத்தான் அப்படி எழுதிக் குடுத்தேன். கோவிச்சுக்கிடாதீய. இருக்கியளா?"

விட்டு விட்டு வந்த பேச்சு. அந்தப் பேச்சில் வானம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை. கூமாப்பட்டி இருட்டில், மலைப் பக்கமாக, பச்சையாக ஒரு புள்ளி வந்து நின்றது.

ஷெரின் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"வடிகட்டி போட்டிருக்கிறதல்லவா?" என்று கேட்டார் நாராயண்.

"போட்டிருக்கு சார்."

"பதில் சொல்வதை மட்டும்தானே காட்டும்?"

"ஆமா சார்."

நாராயண் புள்ளியைப் பார்த்தார். பிறகு கோப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒத்துழைக்கிறது" என்றார். தாமோதருக்கு உயிர் வந்தது. "ஒத்துழைக்கிறது!" என்று அவரும் மைக் இல்லாமலே கத்தினார். முன்வரிசை கைதட்ட, பின்வரிசையும் கைதட்டியது. வியர்த்துக் கொட்டிக்கொண்டே தட்டினார்கள்.

மாரிச்செல்விக்குக் கைதட்டல் கேட்கவில்லை. ஷெரின் பக்கத்தில் போய் நின்றாள். புள்ளிக்கு மேலே பேர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே ஒரு எண் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

"அது என்னம்மா நம்பரு?"

"உயரம்கா." ஷெரின் எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "குறைஞ்சுக்கிட்டே வருது."

"குறைஞ்சா?"

"இறங்குறாருக்கா."

மாரிச்செல்வி சால்வையை உருவி நாற்காலியில் போட்டாள். நாலு மாசமாகத் தனக்கென்று அவள் உலை வைத்ததில்லை. கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கிடப்பாள், இல்லையென்றால் அதுவும் இல்லை.

"ஐயோ, வீட்டுல ஒண்ணும் பொங்கி வைக்கலையேம்மா" என்று சொல்லிக்கொண்டே கூமாப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.